இரண்டு முறை திரும்பி வந்த விண்ணப்பம்

மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்களைப் பேட்டி காண்பதுதான் என் ஆய்வு. நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தில் பேட்டிக் கேள்விகளுக்கு மட்டும் நாலு பக்கம் எழுதியிருந்தேன். தொடர்புகொள்ளும் முறை என்ற இடத்தில் இரண்டே சொல்: "மின்னஞ்சல் மூலம்." விண்ணப்பம் திரும்பி வந்தது அதற்காகத்தான்.

எல்லாருக்கும் ஒரே மெயில் போனால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரிந்துவிடாதா என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத பிசிசி கட்டத்தில் போடுவேன் என்றேன். மறுபடியும் திரும்பி வந்தது. கை தவறி, எல்லா முகவரியும் எல்லாருக்கும் தெரியும் சிசி கட்டத்தில் போட்டுவிட்டால்?

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. குழுவில் ஒருவர் பொறுமையாக விளக்கினார். 2015இல் லண்டனில் ஒரு பாலியல் நல மருத்துவமனை எச்ஐவி தொடர்பான செய்திமடலை இப்படித்தான் அனுப்பியது. சுமார் 780 பேரின் முகவரிகள் ஒருவருக்கொருவர் தெரிந்துபோயின. பெரும்பாலானவற்றில் முழுப் பெயரும் இருந்தது. மறு ஆண்டு 1,80,000 பவுண்டு அபராதம். யாருடைய மருத்துவக் குறிப்பும் கசியவில்லை, அந்தப் பட்டியலில் இருந்ததே ரகசியம்தானே என்றார். அதன்பின் நான் வாதாடவில்லை. மெயில் மெர்ஜில் ஆளுக்கொரு மெயிலாக அனுப்புவது, முகவரியைத் தானாக நிரப்பும் வசதியை அணைத்துவைப்பது என்று எழுதிக் கொடுத்தேன்.

சப்ஜெக்ட் வரியை நானே தாமதமாகத்தான் கவனித்தேன். "மனச்சோர்வு ஆய்வு: பேட்டி நேரம்" என்று மாதிரி மெயில் தயாரித்து எனக்கே அனுப்பிப் பார்த்தேன். பூட்டியிருந்த போன் திரையில் அது பளிச்சென்று வந்து நின்றது. பக்கத்தில் இருப்பவர் படிக்க அது போதாதா? பிறர் படிக்க முடியாதபடி மெயிலை மறையாக்கம் செய்தாலும், அதற்கான பிஜிபி போன்ற முறைகளில் வழக்கமாக உள்ளடக்கத்துக்குத்தான் பூட்டு. சப்ஜெக்ட் அப்படியே வெளியே நிற்கும். "சந்திப்பு நேரம்" என்று மாற்றினேன். என் கையெழுத்துப் பகுதியிலும் ஆய்வின் பெயர் இருந்ததை இன்னும் ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தேன் என்பது வேறு கதை.

ஒப்புதல் படிவத்தில் இரண்டு கேள்விகள் சேர்த்தோம்: எந்த முகவரிக்கு எழுதலாம்? அதை வேறு யாராவது பார்ப்பார்களா? நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் "ஆமாம்" என்றார்கள். தம்பதியருக்குப் பொது முகவரி, அலுவலக முகவரி, மகன் திறந்து கொடுக்கும் முகவரி.

நேரம் மட்டும் கேட்டால் சிலர் தங்கள் கதையையே பதிலாக எழுதிவிடுவார்கள். என் பதிலுக்குக் கீழே அது முழுதும் ஒட்டிக்கொண்டு திரும்பிப் போகும். அதனால் பழைய பகுதியை அழித்துவிட்டே பதில் எழுதினேன். அவர்கள் எழுதியதைக் குறியீட்டு எண்ணின்கீழ் ஆய்வுக் கோப்பில் வைத்துவிட்டு, மெயில்பெட்டியிலிருந்து நீக்கினேன். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனியாக, பாஸ்வேர்டு போட்ட கோப்பில் இருந்தது. வழிகாட்டிக்கு அந்தப் பாஸ்வேர்டைப் போனில்தான் சொன்னேன்.

ஒரு பெண் படிவத்தைத் திருப்பித் தரும்போது ஓரத்தில் எழுதியிருந்தார்: "மாலை ஆறுக்குப் பிறகு மெயில் வேண்டாம். அப்போது போன் என் கையில் இருக்காது." அவருக்கான மெயில்களை மட்டும் காலையில் அனுப்பினேன்.