இசட்3 பின் சக்கரத்தில் ஒரு போல்ட் குறைவு: வேலை நாட்குறிப்பு

ஜூன் 14, சனி

வண்டி 1998 பி.எம்.டபிள்யூ. இசட்3, 1.9 லிட்டர். வலது பின் சக்கரத்தில் ஐந்து போல்ட்டுக்கு நான்குதான் இருக்கிறது. ஐந்தாவது துளைக்குள் டார்ச் அடித்தால் முறிந்த போல்ட்டின் முகம் தெரிகிறது. கழன்று விழுந்திருந்தால் புதியதைத் திருகிவிட்டுப் போகலாம். இது தலை ஒடிந்த கேஸ், மிச்சம் ஹப்புக்குள், சக்கரம் மாட்டும் குடத்துக்குள், கிடக்கிறது.

மாருதியில் பழகிய கைக்கு இது புதிதாக இருக்கும். அதில் ஸ்டட் என்ற மரைக்கம்பி ஹப்பிலேயே நிற்கும், மேலே நட்டு வரும். ஸ்டட் ஒடிந்தால் தட்டி வெளியே எடுத்து வேறொன்றை அடித்துவிடலாம். இங்கே ஹப்பில் இருப்பது மரை வெட்டிய துளை மட்டும். அந்த மரை கெட்டால் ஹப்பை மாற்ற வேண்டும், ஹப்பை இழுத்தால் பேரிங்கும் சேர்ந்து போகும். அதனால் போல்ட்டை எடுக்கிற வேலை மரையைக் காப்பாற்றுகிற வேலைதான்.

முறிந்த முகத்தில் ஒரு பக்கம் வழவழப்பு, அதில் அலை இறங்கிய மணல்போல வரிவரியாக வளையங்கள். மறுபக்கம் மட்டும் சொரசொரப்பு. ஒரே இழுப்பில் ஒடிந்தது இப்படி இருக்காது, கழுத்து மெலிந்து நீண்டிருக்கும். வளையம் இருந்தால் போல்ட் நெடுநாள் தளர்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து வளைந்து களைத்து முறிந்திருக்கிறது என்று பொருள். ஏன் தளர்ந்தது என்பது சக்கரத்தைக் கழற்றினால்தான் தெரியும்.

அதுவரை வண்டி ஓடக்கூடாது. நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம்வரை நாலு போல்ட்டில் போய்விடலாம் என்று சொல்ல ஆள் கிடைப்பார்கள். ஒடிந்ததற்கு இரண்டு பக்கமும் இருக்கிற போல்ட்டுகள் அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கியிருக்கின்றன. அவற்றின் கழுத்திலும் விரிசல் தொடங்கியிருக்கலாம், வெளியே தெரியாது.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் மழை விட்டதும் சக்கரம் கழற்றல். முதலில் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை. பிரேக் டிஸ்க்கைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை விட்டாக வேண்டும், அது பிடிப்பது பின் சக்கரத்தைத்தான். கியரில் போட்டு வைத்தால் போதும் என்பதும் பின் சக்கரம் ஓட்டும் வண்டியில் செல்லாது. இரண்டு பின் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தருகிற சாதாரண டிஃபரன்ஷியலில் தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுழன்றுகொள்ளும், தரையில் இருப்பது உருளும். சக்கரம் தரையில் இருக்கும்போதே போல்ட்டுகளைக் கால் சுற்று தளர்த்தி, பிறகு ஜாக்கி, உடனே ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கையை உள்ளே விட வேண்டாம்.

போல்ட் எல்லாம் வந்தும் சக்கரம் வரவில்லை. குளச்சல், முட்டம் பக்கம் நிற்கிற வண்டிகளில் இது வழக்கம். உப்புக் காற்றில் ஹப் துருப்பிடிக்கும், அலாய் சக்கரம் வெண்பொடி தட்டும், இரண்டும் நடுத்துளையில் ஒட்டிக்கொள்ளும். அந்த நடுத்துளை 72.6 மி.மீ., ஹப்பில் இறுக்கமாக உட்காருவது. இரண்டு போல்ட்டை நாலைந்து மரை மட்டும் திருகி விட்டுவிட்டு, டயரின் ஓரத்தை இரண்டு பக்கமும் மாறி மாறி ரப்பர் சுத்தியலால் அடித்ததில் விட்டது. போல்ட்டைத் தளர்த்தி வண்டியை ஓட்டிக் குலுக்குகிற குறுக்குவழி சில இடங்களில் நடக்கிறது, அதில்தான் மரை நசுங்கும்.

காரணமும் அகப்பட்டது. கழற்றிய நான்கில் இரண்டின் சீட், அதாவது தலைக்கு அடியில் சக்கரத்தில் உட்காரும் பகுதி, 60 டிகிரி கூம்பு, மற்ற இரண்டு உருண்டை. உருண்டை சீட் போல்ட் பழைய பென்ஸ் கார்களுக்கு உரியது. அதுவும் எம்12 (12 மி.மீ. விட்டம்), பிட்ச்சும் (மரைக்கு மரை இடைவெளி) அதே 1.5 மி.மீ.தான், அதனால் இந்த ஹப்பில் சிரமமில்லாமல் ஏறும். ஆனால் சக்கரத்தில் இருக்கும் கூம்புக் குழியில் உருண்டை மெல்லிய ஒரு வளையமாகத்தான் தொடும். ஓட ஓட அந்த வளையம் அலுமினியத்தில் அமுங்கும், இறுக்கம் போகும். டார்க் ரெஞ்ச் (அளந்து இறுக்கும் ஸ்பேனர்) வைத்துச் சரியாக இறுக்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

ஜூன் 16, திங்கள்

போல்ட் தேடல். வேண்டியது: எம்12, 1.5 பிட்ச், 60 டிகிரி கூம்பு சீட், 17 மி.மீ. தலை, தரம் (எஃகின் வலுவைச் சொல்லும் எண்) 10.9. தரம் தலையிலேயே பொறித்திருக்கும், இல்லாததை வாங்க வேண்டாம்.

வடசேரி, கோட்டார் பக்கம் கேட்டால் முதலில் கைக்கு வருவது ஃபியட் போல்ட். கூம்பு சீட், 12 மி.மீ., பார்வைக்கு இரட்டைப் பிறவி. பிட்ச் மட்டும் 1.25. இரண்டு மரை பிடித்து இறுகும். அப்போது கை நிறுத்திவிடும், ஏர் கன் நிறுத்தாது, ஹப்பின் மரையைச் சீவிக்கொண்டே உள்ளே போய்விடும். பிட்ச் கேஜ் இல்லாதவர்கள் ஸ்கேலை வைத்துப் பத்து மரையை அளக்கலாம்: 15 மி.மீ. வந்தால் 1.5, 12.5 வந்தால் 1.25. போலோ, ஸ்கோடா போல்ட் எம்14, அது நுழையவே நுழையாது, ஆபத்தும் இல்லை.

இரண்டு யோசனைகள் இந்த மாவட்டத்தில் கட்டாயம் வரும். ஒன்று, லேத்தில் கடைந்துவிடலாம் என்பது. நம்மூர் லேத்காரர்களின் கைத்திறனில் குறையில்லை. மைல்ட் ஸ்டீல் கம்பியைக் கடைந்தால் 10.9 வலு வராது என்பதுதான் சிக்கல். தொழிற்சாலையில் மரையை உருட்டி அழுத்தி எடுப்பார்கள், கடைந்த மரையின் அடியில் விரிசல் சீக்கிரம் தொடங்கும். இன்னொன்று, விசைப்படகு சாமான் கடையில் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட். துருப்பிடிக்காதே என்று ஆசையாக இருக்கும். அந்த ஏ2-70 வகை 450 மெகாபாஸ்கல் இழுப்பிலேயே நீளத் தொடங்கும், 10.9 தாங்குவது 900க்கு மேல். இறுக்கும்போது மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளவும் செய்யும்.

திருவனந்தபுரத்தில் ஒரு பாகக் கடையில் ஐந்தும் சொல்லியாகிவிட்டது. ஒன்று ஒடிந்தால் அந்தச் சக்கரத்துக்கு ஐந்தும் புதியது, இதில் பேரம் கிடையாது.

ஜூன் 18, புதன்

ஒடிந்த துண்டை எடுத்தல். டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும், பிரேக் ஹோஸில் தொங்கக்கூடாது. டிஸ்க்கைப் பிடித்திருப்பது ஒரே ஒரு எம்8 ஸ்க்ரூ, 6 மி.மீ. ஆலன் கீ. நேராகத் திருகினால் அறுகோணம் வட்டமாகும். கீயைக் குழியில் நன்றாக அடித்து உட்காரவைத்து, இம்பாக்ட் டிரைவரில் இரண்டு தட்டு. டிஸ்க் பாதி வந்து நின்றால் உள்ளே இருக்கும் ஹேண்ட் பிரேக் ஷூ பிடித்திருக்கிறது. போல்ட் துளை வழியாகவே ஸ்க்ரூ டிரைவரை விட்டு அதன் பல்சக்கரத்தைத் தளர்த்தலாம்.

துண்டைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. தலை போனதும் இழுவிசையும் போய்விட்டது, இப்போது பிடித்திருப்பது துரு மட்டும். நேற்றிரவே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்தாயிற்று. முகம் மேடுபள்ளமாக இருந்ததால் சின்ன கிரைண்டிங் பிட்டால் சமமாக்கி, நடுவில் சென்டர் பஞ்ச். 10.9 எஃகு கடினமானது, சாதாரண டிரில் பிட் தேய்ந்து வழுக்கும். கோபால்ட் பிட், குறைந்த வேகம், வெட்டு எண்ணெய். 4 மி.மீ. வழித்துளை போட்டபின் 6.5 மி.மீ. இடச்சுற்று பிட் மாட்டி டிரில்லை எதிர்த்திசையில் ஓட்டியதும் துண்டு பிடித்துத் தானாகவே சுழன்று வெளியே வந்தது. வராவிட்டால் அடுத்தது ஈசி அவுட், துளைக்குள் கடித்துப் பிடித்துத் துண்டைத் திருகி எடுக்கும் கருவி. அதை வன்மையாகத் திருகி உள்ளே ஒடித்துவிட்டால், எந்தச் சாதாரண பிட்டும் அதைத் துளைக்காது.

நட்டு வைத்து வெல்டிங் அடிப்பது கடைசி வழி. அப்படிச் செய்தால் பேட்டரியைக் கழற்றி, எர்த் கிளிப்பை ஹப்பிலேயே மாட்ட வேண்டும். பாடியில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் குழி விழும்.

பிறகு எம்12 1.5 டேப்பை (மரை வெட்டும் கருவி) கையால் விட்டு மரையைச் சுத்தம் செய்தாயிற்று. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. மற்ற நான்கு துளைகளுக்கும் அப்படியே.

ஜூன் 21, சனி

போல்ட் வந்தது. ஹப் முகத்தையும் சக்கரத்தின் உட்புறத்தையும் வயர் பிரஷால் பளிச்சென்று தேய்த்தாயிற்று. இடையில் விட்டுவைக்கும் துருப்பொடி ஓடும்போது நசுங்கும், அந்த அளவுக்கு இறுக்கம் குறையும். நடுத்துளை விளிம்பில் மட்டும் மெல்லிய கிரீஸ். மரைக்கும் சீட்டுக்கும் எண்ணெய் கூடாது. எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

சக்கரத்தை மாட்டி ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் திருகி எண்ணியதில் எட்டுச் சுற்றுக்கு மேல் வந்தது. போல்ட்டின் விட்டம் 12 மி.மீ., அதே அளவு மரை ஹப்புக்குள் பிடிக்க வேண்டும், 1.5 பிட்ச்சில் அது எட்டுச் சுற்று. நீளம் அதிகமானாலும் கெடுதல்: நுனி பின்னால் ஹேண்ட் பிரேக் பாகங்களில் உரசும். மிதமாக இறுக்கியபின் சக்கரத்தைக் கையால் சுற்றிக் காது வைத்துப் பார்த்ததில் உரசல் இல்லை.

இறுக்குவது ஒன்றுவிட்டு ஒன்றாக. முதல் சுற்றில் 50 நியூட்டன் மீட்டர், தரையில் இறக்கியபின் 100. பட்டறைக் கணக்கில் பத்து கிலோ: அரை மீட்டர் கம்பியின் நுனியில் இருபது கிலோ. ஹேண்ட் பிரேக்கையும் மறுபடி செட் செய்தாயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

ஆரல்வாய்மொழிவரை நாலுவழிச் சாலையில் போய்த் திரும்பி, சில உள்ளூர் ஓட்டமும் சேர்த்து எண்பது கிலோமீட்டர். சக்கரம் ஆறியபின் டார்க் ரெஞ்ச் வைத்ததில் நான்கு போல்ட் அசையவில்லை. ஒன்று மட்டும் சிறிது நகர்ந்து கிளிக் ஆனது, உருண்டை போல்ட் அமுக்கிய குழி அது. அந்தக் குழியின் கூம்பு இன்னும் முழுதாக இருப்பதால் சக்கரம் தப்பியது. ஐந்நூறு கிலோமீட்டரில் அதை மறுபடி பார்க்க வேண்டும், அப்போதும் நகர்ந்தால் சக்கரத்தை மாற்ற வேண்டியதுதான்.

மற்ற மூன்று சக்கரங்களையும் கழற்றிப் பார்த்ததில் இடது முன்பக்கம் இன்னொரு உருண்டை போல்ட் இருந்தது. அந்தச் சக்கரத்துக்கும் ஐந்து சொல்லியிருக்கிறது.