லோடு டெஸ்ட் மட்டும் போதாது: தூக்கு சாதன ஆய்வுத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக் கஞ்சிக்கோடு மில்களுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் கொஞ்ச நாளில் என்னிடம் வந்து நிற்பார்கள். "அண்ணா, கிரேன் இன்ஸ்பெக்டர் ஆகணும்னா என்ன படிக்கணும்? லீயா முடிச்சா வளைகுடாவுல எடுக்கறாங்களாமே?" ஆமாம், எடுக்கிறார்கள். லீயா என்பது பிரிட்டனில் 1944-இல் தொடங்கிய தூக்கு சாதனப் பொறியாளர் சங்கம். முதலில் அடிப்படைச் சான்றிதழ், அப்புறம் பிரிவு பிரிவாக மேல்நிலைத் தேர்வுகள். அடிப்படைத் தேர்வையும் பொதுப் பிரிவின் மேல்நிலைத் தேர்வையும் எழுதித் தேறியவன் நான். காந்தத் துகள் சோதனையில் (காந்தம் பிடிக்கும் உலோகத்தில் வெடிப்பைக் கண்டுபிடிக்கும் முறை) இரண்டாம் நிலைச் சான்றிதழும் முடித்திருக்கிறேன். இந்த வழியில் வர நினைப்பவர்களுக்கு எதை முதலில் சொல்வேனோ அதையே இங்கே எழுதுகிறேன்.

பத்து டன் கிரேனில் பன்னிரண்டரை டன் தொங்கவிட்டுக் காட்டினால் அது நல்ல கிரேன் என்ற நம்பிக்கையோடு படிக்க உட்காராதீர்கள். அன்றைக்கு, அந்த எடையில், அந்தக் கிரேன் தாங்கியது என்பதைத் தவிர லோடு டெஸ்ட் வேறு எதையும் சொல்லாது. ஹூக்கின் உள்வளைவில் முடி அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தாலும் அது அன்று தாங்கிவிடலாம். சட்டமும் டெஸ்டை முன்னால் வைக்கவில்லை. 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு கேட்டது, தகுதி பெற்ற நபர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது செய்யும் முழுமையான பரிசோதனையை. அது என்ன என்பதையும் அந்தப் பிரிவே விளக்கியது: கண்ணால் பார்ப்பது, தேவைப்பட்டால் வேறு வழிகளையும் சேர்த்துக்கொள்வது, நம்பத்தக்க முடிவுக்கு வரும் அளவுக்குக் கவனமாகச் செய்வது. அந்த விளக்கத்தை மட்டுமாவது மனப்பாடம் செய்யுங்கள். பிரிட்டனின் 1998 தூக்கு சாதன ஒழுங்குவிதிகளும் இதே பாதையில்தான் போகின்றன. பரிசோதனை கட்டாயம். லோடு டெஸ்ட் வேண்டுமா என்பது பரிசோதிக்கும் நபரின் முடிவு. இந்த அடிப்படை பிடிபட்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாக வந்துவிடும்.

கால இடைவெளியில் பலர் குழம்புவார்கள். நம் தொழிற்சாலைச் சட்டத்தில் ஹாய்ஸ்ட், லிஃப்ட் இரண்டும் 28-ஆம் பிரிவில் வந்தன, அவற்றுக்கு 6 மாதம். கிரேன், செயின், ரோப், ஸ்லிங் (சுமையைக் கட்டி ஹூக்கில் மாட்டும் கயிறு அல்லது பட்டை), ஷேக்கிள் (பின் போட்டுப் பூட்டும் U வடிவ இணைப்பு) எல்லாம் 29-ஆம் பிரிவு, 12 மாதம். பிரிட்டன் விதியில் ஆளைத் தூக்கும் சாதனத்துக்கும் ஸ்லிங், ஷேக்கிள் போன்ற துணைச் சாதனங்களுக்கும் 6 மாதம், மற்றவற்றுக்கு 12. அதாவது ஒரே ஷேக்கிளுக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு கணக்கு, லீயா விடைத்தாளில் வேறு கணக்கு. கொச்சித் துறைமுகத்துக்குப் போனால் கப்பல்துறைத் தொழிலாளர்களுக்கான 1986 சட்டமும் 1990 ஒழுங்குவிதிகளும். அங்கே சோதனைச் சுமைக்குத் தனி அட்டவணை உண்டு: 20 டன் வரை 25 சதவீதம் கூடுதல், 20 முதல் 50 டன் வரை 5 டன் கூடுதல், அதற்கு மேல் 10 சதவீதம் கூடுதல். 30 டன் கிரேன் என்றால் 35 டன், 60 டன் என்றால் 66. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து இந்த இரண்டு சட்டங்களையும் தனக்குள் சேர்த்துக்கொண்டது. அதனால் நேர்காணலுக்குப் போகும்போது பழைய பிரிவு எண்ணோடு புதிய தொகுப்பின் இடத்தையும் தெரிந்து வையுங்கள்.

இனி ரோப். நிதானமாகப் படிக்க வேண்டிய பாடம் இதுதான், மதிப்பெண்ணும் இங்கேதான் போகிறது.

கஞ்சிக்கோட்டில் உருக்கு மில்கள் நிறைய. கழித்துப் போட்ட ரோப் துண்டும் நெளிந்த ஸ்லிங்கும் கிடைக்காமல் போகாது. ஸ்டோர்காரரிடம் கேட்டு இரண்டடித் துண்டு ஒன்று வாங்கி வந்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மண்ணெண்ணெய் தொட்டு கிரீஸைத் துடைத்து எடுங்கள். கிரீஸ் மூடிய ரோப்பைப் பார்ப்பதும் பார்க்காமலிருப்பதும் ஒன்று. பிறகு கனத்த பருத்தித் துணியால் ரோப்பைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுங்கள். அறுந்த கம்பி இருந்தால் துணி அங்கே சிக்கும். வெறுங்கையால் இழுக்கவே கூடாது, உள்ளங்கை கிழிந்துவிடும். துணி சிக்கிய இடத்தில் ரோப்பை லேசாக வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது மறைந்திருந்த முனைகள் எழுந்து நிற்கும். அடுத்து விட்டம். அகலத் தாடையுள்ள வெர்னியரை இழைகளின் மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்கு வைத்து அளக்க வேண்டும். இரண்டு இழைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் வைத்தால் அளவு குறைத்துக் காட்டும், நல்ல ரோப்பையே கழித்துவிடுவீர்கள். ஒரே இடத்தில் செங்குத்தாகத் திருப்பி இரண்டாவது அளவும் எடுங்கள்.

இப்போது எண்ணிக்கை. 16 மில்லிமீட்டர் ரோப், 6 இழை, இழைக்கு 36 கம்பி, மொத்தம் 216 என்று வைத்துக்கொள்வோம். கப்பல்துறை விதிப்படி, விட்டத்தின் 8 மடங்கு நீளத்தில், அதாவது 128 மில்லிமீட்டரில், வெளியே தெரியும் அறுந்த கம்பிகள் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் ரோப் கழிவு. இங்கே 22 கம்பி அறுந்திருந்தால் கழிவு. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (அஸ்மி) பி30.9 தரம் ஸ்லிங்குக்குச் சொல்வது வேறு: ஒரு முறுக்கு நீளத்தில் (ஒரு இழை ரோப்பை முழுதாக ஒரு சுற்று சுற்றி வரும் நீளம்) பரவலாக 10, அல்லது ஒரே இழையில் 5. ஒரே ரோப், ஒரே சேதம், இரண்டு தரத்தில் இரண்டு விடை. அதனால் கேள்வியில் எந்தத் தரம் என்று பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள். எண்ணிக்கை எல்லைக்குள் இருந்தாலும் ஃபெருல் (மடித்த ரோப் முனையை இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையம்) ஓரத்தில் அறுந்த கம்பி கண்ணில் பட்டால் அதைக் கடுமையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வளைவும் இழுப்பும் அங்கேதான் சேர்கின்றன.

உலைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நடுவில் நார் உள்ளீடு வைத்த கம்பி ரோப் ஸ்லிங்கை 82 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. உருகிய இரும்பு போகிற இடத்தில் எஃகு உள்ளீடுதான். ரோப்பை வெட்டிய முனையைப் பார்த்தே இதைச் சொல்லப் பழகுங்கள்.

கோணத்திலும் தரம் பார்க்க வேண்டும். இரண்டு கால் ஸ்லிங்கில் 2 டன். கால்கள் நேராகத் தொங்கினால் காலுக்கு 1 டன். கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் 1.155 டன், 45-இல் 1.414, 30-இல் முழுதாக 2 டன். அமெரிக்க அட்டவணை கோணத்தைக் கிடைமட்டத்திலிருந்து அளக்கும், பிரிட்டன் வழக்கம் செங்குத்திலிருந்து. ஒருவருடைய 30 மற்றவருக்கு 60. படம் வரையாமல் விடை எழுதுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஹூக்குக்கு வாய்த் திறப்பு, தேய்மானம், முறுக்கல் மூன்றும் முக்கியம். தேய்மானம் மூல அளவில் 10 சதவீதத்தைத் தாண்டினால் கழிவு. வாய் விரிந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? புது ஹூக்கிலேயே நுனியிலும் தண்டிலும் சென்டர் பஞ்சால் இரண்டு புள்ளி குத்தி, இடைவெளியைப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தால் எந்த வருஷமும் ஒப்பிடலாம். காந்தத் துகள் சோதனை செய்யும்போது உள்வளைவையும் தண்டின் கடைசி மரையையும் விடாதீர்கள். காந்தம் பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஷேக்கிளுக்கு இந்தச் சோதனை உதவாது, சாயம் ஊடுருவும் சோதனைதான். பெல்ட் ஸ்லிங் நிறங்களை ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5, பழுப்பு 6, நீலம் 8, ஆரஞ்சு 10.

"என்ன செய்வீர்கள்?" என்று முடியும் கேள்விகளில் நம் பிள்ளைகள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். "கவனமாகப் பயன்படுத்தச் சொல்வேன்" என்று எழுதி வைக்கிறார்கள். அது விடையே அல்ல. ஷேக்கிள் பின்னுக்குப் பதில் சாதாரண போல்ட் போட்டிருந்தால் உடனே பயன்பாட்டிலிருந்து விலக்க வேண்டும், குறிச்சீட்டு கட்ட வேண்டும், நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அறிக்கையில் பதிய வேண்டும். பிரிட்டன் விதியில் உடனடி ஆபத்து என்றால் அறிக்கையின் பிரதி அரசு அமலாக்க அதிகாரிக்கும் போக வேண்டும். வேலையிடத்தில் மேலாளர் "இந்த ஷிஃப்ட் மட்டும் ஓடட்டும் சாரே" என்பார். கீழே ஸ்லிங் மாட்டுகிற கலாசியின் தலைக்கு மேல்தான் அந்தச் சுமை போகிறது. அதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள், விடை தெளிவாக வரும்.

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு குறையையும் முதலில் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள்: எங்கே, எவ்வளவு, எந்த எல்லையைத் தாண்டியது, என்ன முடிவு. பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள். அறிக்கை எழுதும் முறையும் இதுதான் என்பதால் உழைப்பு வீணாகாது.

கடைசியாக, டிப்ளமோக்காரர்களுக்கு ஒன்று. லீயா முடித்ததும் இங்கே சட்டப்படி கையெழுத்திடலாம் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். நம் நாட்டில் தகுதி பெற்ற நபர் என்ற அங்கீகாரத்தைத் தருபவர் மாநிலத் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர். கேரளத்தில் அது தொழிற்சாலைகள், கொதிகலன்கள் துறை. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் மாதிரி விதிகளின்படி தூக்கு இயந்திரங்களுக்குப் பொறியியல் பட்டமும் 7 வருட அனுபவமும் வேண்டும். டிப்ளமோவோடு லீயாவும் காந்தத் துகள் இரண்டாம் நிலையும் இருந்தால் அங்கீகாரம் பெற்றவரின் கீழ் வேலை பார்க்கலாம், வெளிநாட்டு ஆய்வு நிறுவனங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். பகுதிநேரமாகப் பட்டம் முடிக்க வழியிருந்தால் முடித்து வையுங்கள். இன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டு, பார்த்த ஒவ்வொரு சாதனத்தின் அடையாள எண், பாதுகாப்பான சுமை, அளந்த அளவு, முடிவு நான்கையும் தேதியோடு எழுதத் தொடங்குங்கள். அனுபவத்துக்குச் சான்று கேட்கும்போது காட்ட அது கையில் இருக்கும்.