எடை கூடாமல், குறையாமல்: தூதரக ஆங்கிலத்திலிருந்து அரபுக்கு

மார்ச் 2

இந்த வாரம் முழுவதும் நான் அரபுக்கு மொழிபெயர்ப்பது 'முதக்கிரா ஷஃபவிய்யா', அதாவது வாய்மொழிக் குறிப்பு. பெயரில் 'வாய்மொழி' என்று இருந்தாலும் எழுத்தில் மட்டுமே உலவும் ஆவணம் இது. தூதரகத்துக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் இடையே நாள்தோறும் போய் வருவது. படர்க்கையில் எழுதுவார்கள், வழக்கமாக முழுக் கையெழுத்து இருக்காது, சுருக்கொப்பமும் முத்திரையும் போதும். ஆங்கிலத்தில் அதன் தொடக்கமும் முடிவும் மாறுவதே இல்லை. தூதரகம் அமைச்சகத்துக்கு வணக்கம் தெரிவித்து, இன்னதை அறிவிக்கும் பெருமை பெறுகிறது. கடைசியில் தன் மிக உயர்ந்த மதிப்பை மீண்டும் உறுதிப்படுத்த இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது.

அரபிலும் இதற்கென்று வழிவழியாக வந்த வாசகம் இருக்கிறது. தொடக்கத்தில் 'துஹ்தி... அத்யப தஹிய்யாதிஹா' (தன் இனிய வணக்கங்களைத் தெரிவிக்கிறது), முடிவில் 'ஃபாயிக தக்தீரிஹா வஹ்திராமிஹா' (தன் மிக உயர்ந்த மதிப்பையும் மரியாதையையும்). ஆங்கிலத்தில் மதிப்பு ஒன்றுதான். அரபில் மதிப்பும் மரியாதையும் என இரண்டு. இந்த இரண்டாவது சொல்லை நான் வெட்டுவதில்லை. அமைச்சகத்தில் அதைப் படிப்பவர் பல்லாண்டுகளாக இந்த இணையைப் பார்த்துப் பழகியவர். ஒன்றை விட்டுவிட்டால் வேண்டுமென்றே குறைத்ததாக எண்ண இடமுண்டு.

மார்ச் 3

தூதரகக் கடிதத்தின் வார்ப்பை எடுத்து நிரந்தரத் தூதுக்குழுவின் கடிதத்தில் அப்படியே ஒட்ட முடியாது. அரபில் தூதரகம், அதாவது 'சிஃபாரா', பெண்பால். தூதுக்குழு, அதாவது 'வஃப்த்', ஆண்பால். ஆகவே 'துஹ்தி' போய் 'யுஹ்தி' வரும், 'தஹிய்யாதிஹா' போய் 'தஹிய்யாதிஹி' வரும், கடைசி வரி வரை ஒவ்வொரு வினையும் ஒட்டும் மாற வேண்டும். ஐ.நா. தீர்மானங்களிலும் இதே நிலைதான்: அரபில் பொதுச் சபை பெண்பால், பாதுகாப்புச் சபை ஆண்பால். ஆங்கிலத்தில் எல்லாம் அஃறிணை என்பதால் மூலத்தில் எந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

மார்ச் 6

ஆங்கிலத்தில் 'எக்ஸலன்சி' என்ற ஒரே சொல் தூதர், அமைச்சர், குடியரசுத் தலைவர் மூவருக்கும் பொருந்திவிடுகிறது. அரபில் பொதுவாகத் தூதருக்கு 'சஆதா', அமைச்சருக்கு 'மஆலி', குடியரசுத் தலைவருக்கு 'ஃபகாமா'. லெபனானிலும் ஜோர்டானிலும் பிரதமருக்கு 'தவ்லா'. மாண்புமிகு, மேதகு ஆகியவற்றின் இடமறிந்து வளர்ந்த தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல. ஆனால் அரபு நாடுகளுக்குள்ளேயே வழக்கம் மாறுகிறது. ஆகவே பெறுபவரின் பதவியையும் நாட்டையும் தெரிந்துகொள்ளாமல் முதல் வரியைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 11

இன்று தீர்மானங்களின் வினைச்சொற்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பாதுகாப்புச் சபைத் தீர்மானம் ஒன்றில் செயற்பாட்டுப் பத்திகளின், அதாவது சபை என்ன செய்கிறது என்று சொல்லும் பத்திகளின், முதல் வினையைப் பாருங்கள். வேண்டுகிறது, அழைப்பு விடுக்கிறது, வலியுறுத்துகிறது, கோருகிறது, முடிவு செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிப் படி. எந்தப் படியில் நிற்பது என்பதற்காகவே பேச்சாளர்கள் இரவெல்லாம் வாதாடியிருக்கக்கூடும். அரபில் வேண்டுவது 'யத்லுபு இலா', அழைப்பு விடுப்பது 'யுஹீபு பி', வலியுறுத்துவது 'யஹுத்து', கோருவது 'யுதாலிபு', முடிவு செய்வது 'யுகர்ரிரு'. 'யத்லுபு', 'யுதாலிபு' இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. தொடக்கத்தில் வரும் ஓர் உயிரும் நடுவில் ஒரு நெடிலும் மாறினால் வேண்டுகோள் கோரிக்கையாக எழுந்துவிடுகிறது. கண்ணை அகற்றாமல் தட்டச்சு செய்ய வேண்டிய இடம்.

இதைவிடப் பெரிய ஆபத்து அழகுணர்ச்சி. அரபு உரைநடைக்கு இணைச்சொற்கள் மீது தீராத விருப்பம். செய்தியறிக்கைகளில் 'நஷ்ஜுபு வ நஸ்தன்கிரு' என்று, கண்டிக்கிறோம் என்ற பொருள் தரும் இரண்டு வினைகளையும் சேர்த்தே படித்துப் படித்து, ஒன்றை மட்டும் எழுதினால் வாக்கியம் நொண்டுவதுபோல் காதுக்குப் படும். ஆனால் மூலத்தில் 'வருந்தத்தக்கது' என்ற பொருளில் ஒரே ஒரு வினை இருக்கும்போது அரபில் இரண்டு கண்டனச் சொற்களை அடுக்கினால், அரசு எடுக்காத நிலைப்பாட்டை மொழிபெயர்ப்பாளர் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். முடிவு வாசகத்தில் இணையை விட்டுவைத்தேன். இங்கே கூடவே கூடாது என்கிறேன். முரண்பாடில்லை. அங்கே இருப்பது வெறும் சடங்கு மரியாதை, அதன் எடை இரு தரப்புக்கும் தெரியும். இங்கே ஒவ்வொரு சொல்லும் அரசின் நிலைப்பாடு.

'கவனத்தில் கொள்கிறது' என்ற வினையை எளிதாகக் கடந்துவிடுகிறோம். அது ஒப்புதலும் அல்ல, மறுப்பும் அல்ல என்று ஐ.நா. பொதுச் சபையே 2001 செப்டம்பரில் 55/488 என்ற முடிவில் எழுதி வைத்திருக்கிறது. அரபில் 'துஹீது இல்மன்'. அதோடு 'மகிழ்ச்சியுடன்', 'நன்றியுடன்' என்று எதையும் நாமாகச் சேர்க்கக் கூடாது.

மார்ச் 12

'நல்லெண்ண முயற்சிகள்': அல்-மசாயி அல்-ஹமீதா. 'இவ்விவகாரத்தைத் தொடர்ந்து பரிசீலனையில் வைத்திருக்க': அன் யுப்கிய அல்-மஸ்அலா கைத நழரிஹி. இரண்டும் ஏற்கெனவே நிலைபெற்றவை. நிலைபெற்றதைப் புதுப்பிக்க முயல்வது வீண்வேலை.

மார்ச் 17

1967 நவம்பர் 22 அன்று நிறைவேறிய பாதுகாப்புச் சபையின் 242ஆம் தீர்மானத்தை மறுபடி எடுத்தேன். 'அண்மை மோதலில் கைப்பற்றப்பட்ட நிலப்பகுதிகளிலிருந்து' இஸ்ரேல் படைகள் வெளியேற வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் 'நிலப்பகுதிகள்' என்பதற்கு முன்னால் 'தி' இல்லை. பிரெஞ்சு வடிவத்தில் 'தே' வருகிறது. அதை 'அந்த நிலப்பகுதிகள்' என்றே படிக்கலாம். எல்லாமா, சிலவா என்ற வழக்கு இன்றுவரை நீள்கிறது.

அப்போது அரபு ஐ.நா.வின் அலுவல் மொழி அல்ல. 1973 டிசம்பர் 18 அன்றுதான் பொதுச் சபையில் அந்த இடம் கிடைத்தது. பாதுகாப்புச் சபையில் 1982இல். ஆனாலும் அந்த வரியை அரபில் எழுதும் யாரும் 'அராழின்' (நிலப்பகுதிகள்) என்பதா, 'அல்-அராழி' (அந்த நிலப்பகுதிகள்) என்பதா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். முதலாவது அரபுச் செவிக்குக் குறைபட்டதாக ஒலிக்கிறது, எந்த நிலம் என்ற கேள்வி தொக்கி நிற்கிறது. இரண்டாவது இயல்பாக ஒலிக்கிறது, ஆனால் வழக்கில் ஒரு பக்கத்துக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. வரைந்தவர்கள் எதை விட்டார்களோ அதை விட்டபடியே தர வேண்டும், ஒலி நொண்டினாலும் சரி. இதில் என் சொந்த அரசியல் கருத்துக்கு இடமில்லை.

ஆங்கிலத்தின் 'தி'க்கு நேரான தனிச்சொல் தமிழில் இல்லாததால் நம்மவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். தமிழிலிருந்து வரும் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

மார்ச் 18

நேற்றைய சிக்கலுக்கு உடன்பிறப்பு இருமை எண். 'தரப்பினர்' என்று ஆங்கிலம் பன்மையில் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அரபில் இருவர் என்றால் 'அத்-தரஃபான்', மூவர் முதல் 'அல்-அத்ராஃப்'. ஒரு மோதலில் தரப்புகள் இரண்டா, மூன்றாவதாக ஒன்றுக்கும் இடமுண்டா என்பதே பேச்சுவார்த்தையின் கருவாக இருக்கும்போது, இலக்கணம் நம்மைப் பதில் சொல்லச் சொல்கிறது. 'சம்பந்தப்பட்ட தரப்புகள்' என்று பன்மையில் எழுதி, குறிப்பில் காரணத்தையும் தருகிறேன்.

மார்ச் 20

1961ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கை, 9ஆம் பிரிவு. தூதரக அலுவலரை 'விரும்பத்தகாதவர்' என்று அறிவிக்கலாம். மற்றப் பணியாளரை 'ஏற்கத்தகாதவர்' என்று. காரணம் சொல்ல வேண்டியதில்லை. அரபில் 'கைர் மர்கூப் ஃபீஹி', 'கைர் மக்பூல்'. செய்தித்தாள்கள் முதலாவதையே எல்லோருக்கும் போடுகின்றன. ஆவணத்தில் இந்த வேறுபாடு நிற்க வேண்டும்.

மார்ச் 23

தேதிகள். ஐ.நா.வின் அரபு ஆவணங்களில் ஜனவரியை 'கானூன் அஸ்-ஸானி/யனாயிர்' என்று இரு பெயரிலும் எழுதுகிறார்கள். சிரியாவிலும் இராக்கிலும் முதல் பெயர், எகிப்தில் இரண்டாவது. அல்ஜீரியாவிலும் துனிசியாவிலும் 'ஜான்ஃபி'. ஒரு நாட்டுக்கு மட்டும் போகும் கடிதம் என்றால் அந்த நாட்டுப் பெயரையே இடுகிறேன்.

மார்ச் 26

இருதரப்பு ஒப்பந்த வரைவு வந்திருக்கிறது. இரு மொழி வாசகங்களும் சம அதிகாரம் உடையவை, வேறுபாடு எழுந்தால் ஆங்கிலமே மேலோங்கும் என்ற வழக்கமான இறுதிப் பிரிவோடு. ஒப்பந்தச் சட்டம் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. இந்த ஒரு வரி இருக்கிறதே என்று அரபை அசட்டையாக எழுதுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அரபு பேசும் நாட்டில் சுங்க அதிகாரியும் நீதிபதியும் படிக்கப்போவது அரபைத்தான்.

வரைவில் நான்காம் பிரிவில் 'தரப்பினர்' யாரைக் குறிக்கிறது என்று தெளிவாக இல்லை. ஏழாம் பிரிவில் ஒரே பத்தியில் கட்டாயத்தைக் குறிக்கும் வினையும் பரிந்துரையைக் குறிக்கும் வினையும் மாறி மாறி வருகின்றன. 'யஜிபு' என்பதா, 'யன்பகீ' என்பதா என்று நானாகத் தீர்மானிக்கப்போவதில்லை. இரண்டையும் கேள்விகளாக எழுதி, பிரிவு எண்ணோடு வரைவுக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். பதில் வந்த பிறகே அந்தப் பக்கங்கள்.