தவிட்டுச் சீட்டுகள் சொன்ன சாட்சி

கும்பகோணத்தை ஒட்டிய ஓர் அரிசி ஆலையில் ஏழாண்டுகள் எடைமேடை எழுத்தராக இருந்தேன். ஒருநாள் மேலாளர், "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்று தட்டச்சு செய்த தாளை நீட்டி, கையெழுத்திட்டால்தான் அந்த மாதச் சம்பளம் என்றார். மறுத்தேன். மறுநாள் வாயிலிலேயே தடுக்கப்பட்டதும், வேலைக்கு வந்தும் அனுமதிக்கவில்லை என்று எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன்; இல்லையெனில், நானே வேலையைக் கைவிட்டதாகச் சொல்லியிருப்பார்கள்.

அப்போது 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம் நடப்பிலிருந்தது. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 240 நாள் பணியாற்றியவரை ஆட்குறைப்பு செய்ய, ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான சம்பளத்துடன், ஆண்டுக்குப் பதினைந்து நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். (அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த அளவு மாறவில்லை.) ஏழாண்டு உழைப்புக்கு இது மலிவான விலை என்பதே என் எண்ணம், அதையும் கொடுக்க மனமில்லாதவர்களுக்குத்தான் ராஜினாமாத் தாள் தேவைப்படுகிறது.

வழக்கு, தொழிலாளர் துறையில் இரு தரப்பையும் பேசவைக்கும் சமரச அலுவலரிடம் போனது. அவர் முன்னிலையில் ஆலைத் தரப்பு, குறுவை, சம்பா அறுவடைக்கு மட்டும் கூப்பிடும் ஆள் நான் என்றது. வருகைப் பதிவேடோ அவர்கள் கையில். ஆனால் நெல் வரத்து ஓய்ந்த வைகாசி, ஆனியிலும் தவிடும் உமியும் லாரியேறும். ஒவ்வொரு எடைச் சீட்டின் மூலையிலும் என் சுருக்கொப்பம் இருக்கும். தவிட்டு வியாபாரி ஒருவர் அவற்றைத் தேதிவாரியாகக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். எண்ணெய்க் கறை படிந்திருந்தாலும் தேதியும் ஒப்பமும் தெளிவாகவே இருந்தன. சம்பளத்துடன் கூடிய வார விடுமுறையையும் 240-இல் சேர்க்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லிவிட்டதால், கணக்கு எளிதில் நிறைந்தது.

சமரச அலுவலருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. பேச்சு முறிந்தால் அப்போது தொழிலாளர் நீதிமன்றம்தான் போக வேண்டியிருந்தது. அங்கே மீண்டும் வேலையையே கேட்டிருக்கலாம். அதே மேலாளரின் கீழ் நிற்க எனக்கு விருப்பமில்லை. எனவே சமரச அலுவலர் முன்னிலையில் இரு தரப்பும் கையெழுத்திடும், தொழிற்சங்கத்தார் 'பன்னிரண்டு மூன்று' என்று சட்டப்பிரிவின் எண்ணால் சுருக்கிச் சொல்லும் 12(3) ஒப்பந்தத்துக்கு இசைந்தேன்.

கடைசி இழுபறி, பல ஆண்டு உழைத்தவர் வேலையிலிருந்து நீங்கும்போது தரப்படும் பணிக்கொடையில் (கிராஜுவிட்டி). பருவகால நிறுவனமென்றால் பருவத்துக்கு ஏழு நாள் ஊதியம்; ஆண்டு முழுவதும் இயங்குவதென்றால் ஆண்டுக்குப் பதினைந்து நாள். 'அறுவடைக்கு மட்டும்' என்ற வாதத்தின் உள்நோக்கம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. அதே சீட்டுகளை மறுபடி மேசையில் வைத்தோம். பதினைந்து நாள் கணக்கிலேயே காசோலை எழுதப்பட்டது.