கட்டளையே தன் படிவத்தைச் சொல்லும்

கட்டற்ற நிலவரைபட மென்பொருளுக்கு முகப்பு, அதாவது பயனர் பார்த்துச் சொடுக்கும் திரை, எழுதுவது பற்றிப் பேச்சு வந்தாலே நான் கிராஸ் ஜிஐஎஸ் என்ற மென்பொருளைத்தான் காட்டுவேன். 1980களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்களின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. எல்லாமே தட்டச்சுக் கட்டளைகள், அதுவும் நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு ஜன்னல் வரைந்தால் யாரால் பராமரிக்க முடியும்?

அதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு அவ்வளவு பிடிக்கும். என்னென்ன உள்ளீடு வேண்டும், எது கட்டாயம் என்பதைக் கட்டளையே எக்ஸ்எம்எல்லாக, அதாவது நிரல்கள் படிக்கக்கூடிய குறியிட்ட உரையாக, சொல்லிவிடும். முகப்பு அதைப் படித்து அப்போதே படிவத்தை உருவாக்கிக்கொள்ளும். வடிநிலங்களைக் கணக்கிடும் ஆர்.வாட்டர்ஷெட் கட்டளையைத் திறந்தால் நில உயரத் தரவுக்கு ஒரு பெட்டி, வடிநிலத்தின் குறைந்தபட்ச அளவுக்கு ஒன்று. நிரப்ப நிரப்ப, கீழே முழுக் கட்டளையும் எழுத்தாக வளர்ந்துகொண்டே வரும். அப்படியே நகலெடுத்து ஸ்கிரிப்டில் போட்டுக்கொள்ளலாம். மவுஸை மட்டும் நம்பி வந்தவர்கூடக் கட்டளை கற்றுக்கொண்டு போவார். முகப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன்.

2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிய இன்னொரு கட்டற்ற நிலவரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸிலும், ப்ராசஸிங் எனப்படும் பகுப்பாய்வுக் கருவிகளின் படிவங்கள் பெரும்பாலும் இதே வழியில்தான் உருவாகின்றன.

கணினியில் கிராஸ் இருந்தால், அதைத் திறந்து, ஏதாவது ஒரு கட்டளைக்குப் பின்னால் இடம் விட்டு, இரண்டு சிறு கோடு போட்டு இன்டர்ஃபேஸ்-டிஸ்கிரிப்ஷன் என்று ஆங்கிலத்தில் (--interface-description) அடித்துப் பாருங்கள். அந்த எக்ஸ்எம்எல் முழுதும் திரையில் வந்து நிற்கும்.