நான் விழுங்கிய ஒரு கேள்வி

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் ஓர் அக்கா கேட்டதை, உடல்நல ஆய்வுக்காக அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மாணவிக்கு நான் முழுசாக மொழிபெயர்க்கவில்லை. மூன்று வருடம் ஆகியும் அது மனசை விட்டுப் போகவில்லை.

"போன வருசமும் நாலு பேரு வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனாக. அதுல என்ன இருந்துச்சுன்னு ஒருத்தரும் வந்து சொல்லல. இந்தப் புள்ளயாச்சும் சொல்லுமா தாயி?"

மாணவி என் முகத்தைப் பார்த்தாள். "முன்பே ஒரு குழு வந்திருந்ததாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு ஒப்புதல் படிவத்தை நீட்டினாள். அக்கா கைநாட்டு வைத்தார். கடலுக்குள் பாறையைப் பிடித்துப் பாசி எடுத்தே ரேகை தேய்ந்த விரல். துணி சுற்றிக் கட்டிய தடம் அப்படியே இருந்தது. தாளில் பதிந்தது வெறும் நீல வட்டம்.

அமாவாசையை ஒட்டிய நாள் அது. படகு கிளம்பக் காத்திருந்தது. இரண்டு நாளாகத் தலை கிறுகிறுக்கிறது என்று வேறு சொல்லியிருந்தார். பேச்சை வளர்த்தால் எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். பிரஷர் பார்த்தால் 170/110. அன்றே பாம்பன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம், மாத்திரை தொடங்கினார். ஆக, நான் செய்தது சரிதானே? ஆனால் தலை சுற்றுகிறவருக்குப் பிரஷர் பார்க்கப் படிவம் எதற்கு? ஆய்வை ஒதுக்கி வைத்துவிட்டுச் சும்மாவே பார்த்திருக்கலாமே.

அந்த மாணவி அலபாமாவைச் சேர்ந்த கறுப்பினப் பெண். முதல் வாரம் மண்டபத்தில் நடந்த வகுப்பில், அவள் மாநிலத்தில் அமெரிக்க அரசு நடத்திய டஸ்கிகீ ஆய்வைப் பற்றிப் பேசியவளும் அவள்தான். 1932 முதல் 1972 வரை, 600 கறுப்பின ஆண்கள். அதில் 399 பேருக்கு மேகநோய் (சிபிலிஸ்) இருந்தது. 'கெட்ட ரத்தம்' என்று மட்டும் சொல்லி, பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "எங்கள் பாட்டி இன்னும் ஊசி என்றால் யாருக்கு நன்மை என்று கேட்பாள்" என்றாள். அன்று வகுப்பில் இருந்த மற்றவர்களும், வயல் கூலி வேலை செய்யும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்துப் பையன் உட்பட, நோயில் இருக்கிற ஏற்றத்தாழ்வை வீட்டிலேயே பார்த்தவர்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கான அறநெறிகளைச் சொல்லி 1979இல் அமெரிக்காவில் வந்த பெல்மாண்ட் அறிக்கையை அவர்களுக்கு விளக்கியவள் நான். பங்கேற்பவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை என்று நான்தான் சொன்னேன்.

இங்கே இருந்தவர்களில் அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லக்கூடியவள் அவள்தான். அதை அவள் காதுக்கே போகவிடாமல் செய்துவிட்டேன்.

அவள் ஊருக்குக் கிளம்பும் முன் சொல்லிவிட நினைத்தேன். ராமநாதபுரம் ஸ்டேஷன் வரை கூடவே போயும் சொல்லவில்லை. முடிவுகளைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி அக்கா வீட்டில் நானே கொடுத்தேன். "யாரு படிச்சுச் சொல்லுவா?" என்றார். உட்கார்ந்து படித்துக் காட்டினேன்.

இப்போது எல்லாவற்றையும் அப்படியே சொல்கிறேன். போன வாரம் தங்கச்சிமடத்தில் ஒரு பாட்டி, இந்த வருடம் வந்திருக்கும் மாணவனைக் காட்டி, "எங்க வலிய எழுதி இது பெரிய படிப்பு படிக்கப்போவுதாக்கும்" என்றதையும் சொன்னேன். அந்த மாணவன் மறுநாள் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு பாட்டிகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தான்.