மாவுக்கடைக்காரி பார்த்த மூன்று படம்

ஆயுத பூஜை அன்று எங்கள் கிரைண்டருக்கு விடுமுறை. காலையிலேயே கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றியாகிவிட்டால் மறுநாள் வரைக்கும் சுவிட்சைத் தொடக்கூடாது. இது என் மாமியார் போட்ட சட்டம். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் மதுரை செல்லூரில் எங்கள் மாவுக்கடையில் சத்தமே இருக்காது. 2025-இல் அது அக்டோபர் 1. அதே நாளில் தனுஷின் ‘இட்லி கடை’ வந்தது. விடுவேனா? பொரிகடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு அத்தை, மகள், நான் மூன்று பேரும் மாலைக் காட்சிக்குக் கிளம்பிவிட்டோம். சாமிக்குப் படைத்த பொரி என்று எவ்வளவோ சொல்லியும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். சரி, போகட்டும்.

கிராமத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் அப்பாவாக ராஜ்கிரண். கையால் செய்தால்தான் ருசி என்று நம்புகிற மனிதர். சமையல் படித்த மகன் பாங்காக் போய்ப் பெரிய ஆளாகிறான், பிறகு ஊர் திரும்பி அதே கடையைத் திறக்கிறான். ராஜ்கிரண் வருகிற இடமெல்லாம் எனக்குப் பிடித்தது. அவர் வாய் திறக்காமல் சும்மா நிற்கும்போதே அத்தை பக்கத்து சீட்டில் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் பாதியில் அருண் விஜய் வம்பு இழுக்க ஊருக்கே வந்த பிறகு, எனக்கு நாளைக்கு ஊறப்போட வேண்டிய அரிசிக் கணக்கு ஞாபகம் வந்துவிட்டது. படம் பார்க்கும்போது கடைக் கணக்கு ஞாபகம் வந்தால் அங்கே படம் தொய்கிறது என்று அர்த்தம். என்னிடம் இருக்கிற அளவுகோல் அது ஒன்றுதான்.

ஆனால் ஒரு மாவுக்கடைக்காரியாக எனக்கு மனத்தாங்கல் உண்டு. இட்லி அவிவதைக் காட்டுகிறார்கள். ஆவி பறக்கிறது, அழகுதான். மாவைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. உளுந்து அரைபடும்போது அதைக் கண்ணால் பார்த்தால் போதாது, காது கொடுத்துக் கேட்க வேண்டும். முதலில் கரகரவென்று கல்லில் உரசும். தண்ணீர் தெளிக்கத் தெளிக்கச் சத்தம் அமுங்கி, பொத்து பொத்தென்று ஒரு சத்தத்துக்கு வரும். அப்போது ஒரு துளி கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்கும். மிதந்தால் உடனே வழித்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் பொங்கட்டும் என்று ஆசைப்பட்டு விட்டுவைத்தால் மாவு சூடேறிவிடும். அப்புறம் அரிசி மாவோடு சேர்த்து, உப்புப் போட்டு, கையை முழங்கை வரை விட்டுக் கலக்க வேண்டும். மழை நாளில் பொங்காது, வெயில் நாளில் பாத்திரத்தைத் தாண்டி வழிந்து தரையில் ஓடும். இட்லித் துணியைத் துவைக்கிற ஆளைக்கூட அந்தப் படத்தில் என் கண்ணில் படவில்லை. உலகத்திலேயே அலுப்பான வேலை அது.

படம் வந்த அந்த வாரமே தெருவில் ஒரு அம்மா வந்து, “கையால ஆட்டுன மாவு இருக்கா?” என்று கேட்டார். இருபது வருடமாக என்னிடம் வாங்குகிறவர்! நான் கிரைண்டரைக் காட்டினேன். கோயம்புத்தூர்க் கிரைண்டர். நம்ம ஊர் மல்லிக்கு இருப்பதைப் போல அந்தக் கிரைண்டருக்கும் புவிசார் குறியீடு உண்டு, தெரியுமா. அவருக்கு மனம் ஆறவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த அத்தைதான் குரல் கொடுத்தார். “கையால ஆட்டுனதுல ருசி இருந்துச்சுத்தா. நான் இல்லைங்கலையே. எனக்குக் கைதான் இல்லாமப் போச்சு.” அத்தை ஆட்டுக்கல்லில் ஆட்டித்தான் இந்தக் கடையை ஆரம்பித்தார். இன்றைக்கு வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க வராது. தலை வாரிவிடுவது என் மகள்தான். இதைச் சொல்ல அந்தப் படத்தில் ஒரு காட்சி இருந்திருந்தால் நான் அதை இன்னொரு தடவை பார்த்திருப்பேன்.

நித்யா மேனனைப் பற்றி ஒன்று. ஜூலையில் வந்த ‘தலைவன் தலைவி’யில் பரோட்டாக் கடைக்காரர் விஜய் சேதுபதியோடு படம் முழுக்கச் சண்டை போட்டவர், அக்டோபரில் இட்லிக் கடைக்கு வந்துவிட்டார். ‘இட்லி கடை’யில் அவர் வரட்டி தட்டுகிறார். அந்தச் சாணி நகத்தில் இருக்கும்போதே தேசிய விருது வாங்கப் போனதாகப் பேட்டியில் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகு எனக்கு அவரை இன்னும் பிடித்துவிட்டது. என் நகத்திலும் எந்நேரமும் உளுந்து ஒட்டியிருக்கும், கல்யாண வீட்டுக்குப் போனாலும்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, அக்டோபர் 17 அன்று ‘பைசன்’ வந்தது. அன்றைக்குப் போக முடியுமா? மதுரையில் தீபாவளிக் காலை என்றால் இட்லியும் கறிக்குழம்பும்தான். முந்தின இரண்டு நாளும் எங்கள் கடையில் கூட்டம் தெருமுனை வரை நிற்கும். பண்டிகை முடிந்து செவ்வாய்க்கிழமை இரவுக் காட்சிக்குத் தம்பி பைக்கில் கூட்டிப்போனான். கிளம்பும்போது அத்தை ஒரு தகவல் சொன்னார். 1952-இல் ‘பராசக்தி’ வந்ததும் இதே அக்டோபர் 17-ஆம் தேதிதானாம், அதுவும் தீபாவளிக்குத்தானாம். அந்தப் படத்தோடுதான் நம்ம ஊர் தங்கம் தியேட்டரைத் திறந்தார்கள். 2500 பேருக்கு மேல் உட்காரலாம். அத்தையின் அப்பா முதல் வாரமே கூட்டத்தில் சட்டை கிழியப் பார்த்தவர். இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது. அதில் புடவை எடுக்கும்போதெல்லாம் திரை எந்தப் பக்கம் இருந்தது என்று அத்தை கைகாட்டுவார்.

‘பைசன்’ மாரி செல்வராஜ் படம். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்த மணத்தி கணேசனின் வாழ்க்கையை ஒட்டியது. என் தம்பி உசிலம்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடம் படிக்கும்போது கபடி ஆடியவன். இடது கை மோதிர விரல் இன்னும் கோணல். அவன் படத்தைப் பார்க்கவே இல்லை, காலை மட்டும்தான் பார்த்தான். “காலப் பாருக்கா, போனஸ் கோட்டுக்கு எப்படிப் போடுறான் பாரு.” கதாநாயகன் துருவ் விக்ரம் நிஜமாகவே ஆடப் பழகியிருக்கிறார் என்று அவன் சொன்னால் நான் நம்புகிறேன். மூச்சு வாங்குவதில் பொய் இல்லை. பசுபதி அப்பாவாக வருகிறார். மகன் ஆடக்கூடாது என்று பயப்படும் அப்பா. பயத்தைக் கோபமாகக் காட்டுகிற அப்பாக்களை நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் பார்க்கலாம், இவர் பயத்தைப் பயமாகவே காட்டுகிறார். அமீர், லால் இரண்டு பேருடைய பகையில் இரண்டாம் பாதியைக் கொஞ்சம் வெட்டியிருக்கலாம். அரிசிக் கணக்கு வந்ததா என்றால், ஒரே ஒரு தடவை வந்தது.

அதில் ரஜிஷா விஜயன் அக்காவாக வருகிறார். தம்பி ஆட வேண்டும் என்று அப்பாவிடமே நிற்கிற அக்கா. அந்தக் காட்சிகளில் நான் தம்பி பக்கம் திரும்பவில்லை. அவன் விரல் உடைந்து வந்த அன்று, “இனிமே அவன ஆட விடாதீங்கப்பா” என்று சொன்னது நான்தான். அவனுடைய பனியனை எடுத்துக் கிரைண்டர் துடைக்க வைத்துக்கொண்டதும் நான்தான். திரும்பி வரும்போது தூறல். பாலத்தைத் தாண்டியதும் கேட்டேன், “அந்த விரல் இப்பவும் வலிக்குமாடா?” “மழைன்னா கொஞ்சம்” என்றான். வேறு எதுவும் பேசவில்லை.

‘டியூட்’ மகளுக்காகப் பார்த்தது. அவளுக்கு ரொம்பப் பிடித்தது. பிரதீப் ரங்கநாதனும் மமிதா பைஜுவும் அத்தை மகன், மாமன் மகள். நம் ஊரில் பாதிக் கல்யாணம் அப்படித்தான் நடக்கிறது என்பதால் அத்தைக்கும் கதை பிடிபட்டுவிட்டது. முதல் பாதியில் தியேட்டரே சிரித்தது, நானும் சிரித்தேன். சாதிக்காகப் பிள்ளைகளைக் கொல்கிறவர்களைப் பற்றி நறுக்கென்று நாலு வார்த்தை இருக்கிறது, அதற்குக் கைதட்டினேன். ஆனால் அவர்கள் பார்க்கிற தொழில், அடுத்தவர்களுக்கு சர்ப்ரைஸ் ஏற்பாடு செய்து கொடுப்பதாம். அதற்கு மாசம் என்ன வரும் என்று அத்தை என் மகளிடம் கேட்டார். “அப்பத்தா, படத்தைப் பாருங்க” என்றாள். கடைசி வரை பதில் வரவில்லை.

இன்றைக்கும் மழை. மாவு பொங்காது என்று பாத்திரங்களைச் சின்ன அறையில் வைத்து குண்டு பல்பைப் போட்டுவிட்டிருக்கிறேன். அடுத்த வாரம் வருகிற படத்துக்கு மகள் இரவுக் காட்சி பதிவு செய்துவிட்டாள், மூன்று டிக்கெட். அன்றைக்குப் பார்த்து ஆறு கிலோ உளுந்து அரைக்க ஆர்டர். நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்க என்கிறான் தம்பி. பொத்து பொத்தென்று சத்தம் வந்ததும் வழித்துவிட வேண்டும் என்று இதுவரை நாலு தடவை சொல்லிவிட்டேன். எதற்கும் இடைவேளையில் ஒரு போன் போட்டு, கிரைண்டர் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.